அப்பா வானொலியிலிருந்து பதிந்து வைத்த பழைய கேசட்டுகளை நாமே கணினியில் ஏற்ற முடியுமா?

கேரள எல்லையில் இருக்கும் பாறசாலையிலிருந்து கேட்டிருக்கிறீர்கள். 1980களின் கடைசியில் நாகர்கோவில், திருநெல்வேலி வானொலிகளிலிருந்து அப்பா பதிந்த கேசட்டுகள் ஒரு பெட்டி நிறைய இருக்கின்றன, கடையில் கொடுப்பதா, வீட்டிலேயே செய்வதா என்று. வீட்டிலேயே செய்யுங்கள். நான் பக்கத்துக் களியக்காவிளைக்காரன்தான். எங்கள் பாட்டா, அதாவது தாத்தா, வைத்திருந்தவற்றையும் தெரிந்தவர்கள் வீட்டுப் பரணில் கிடந்தவற்றையும் இப்படித்தான் ஏற்றிக்கொண்டிருக்கிறேன்.

பாட்டுக்காக இந்த வேலையில் இறங்காதீர்கள். அதே பாட்டு இதைவிடச் சுத்தமாக எங்கும் கிடைக்கிறது. பாட்டுக்கு நடுவே வருவதுதான் சரக்கு: அறிவிப்பாளரின் பேச்சு, நேயர் கடிதம், விவசாயக் குறிப்பு, ஏதோ ஒரு ஊர் வில்லுப்பாட்டுக் குழு. 1984இல் தொடங்கிய நாகர்கோவில் நிலையம்தான் இந்தியாவின் முதல் உள்ளூர் வானொலி. அதில் பேசியதும் பாடியதும் பெரும்பாலும் நம் பக்கத்து ஆட்கள். அந்தப் பேச்சு வேறெங்கும் இருக்க வாய்ப்பில்லை. நம் அப்பாக்களோ அறிவிப்பாளர் வாயைத் திறந்ததும் பாஸ் பொத்தானை அமுக்கியவர்கள்! அதனால் அட்டையில் வெறும் பாட்டுப் பட்டியல் இருந்தாலும் கேசட்டை முழுக்க ஓடவிடுங்கள். நல்ல சங்கதி பலநேரம் இரண்டாம் பக்கத்துக் கடைசியில் இருக்கும், அணைக்க மறந்து தானாக ஓடிய இடத்தில்.

ஓடவிடும் முன் கேசட்டின் பின்விளிம்பில் இருக்கும் இரண்டு சிறு பிளாஸ்டிக் தடுப்புகளையும் உடைத்துவிடுங்கள். அவை இல்லாவிட்டால் தெரியாமல் ரெக்கார்டை அமுக்கினாலும் அழியாது. பாட்டோடு விற்ற கம்பெனி கேசட்டில் தடுப்பு இருக்காது; அந்தப் பள்ளத்தை செலோடேப்பால் மூடி அதன்மேல் பதிந்திருப்பார்கள். அந்த டேப்பையும் பிய்த்துவிடுங்கள்.

அடுத்தது பூசணம். இடவப்பாதி எனும் தென்மேற்குப் பருவமழையில் நம் பக்கத்து வீடுகளில் தோல் செருப்பே பூத்துவிடும், கேசட் எம்மாத்திரம்? கேசட்டின் கண்ணாடி வழியே பார்த்தால் ரீல் விளிம்பில் வெள்ளைப் பொடி தெரியும். அப்படிப்பட்டதை, கேசட் ஓட்டும் நல்ல டெக்கில் போடாதீர்கள், மற்றதற்கும் ஒட்டும். மூக்கை மூடிக்கொண்டு, சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு டப்பாவில் வைத்து உலர்த்திவிட்டு, ஒரு ஓட்டை டேப்ரெக்கார்டரில் முழுக்க முன்னும் பின்னும் சுற்றிக்கொள்ளுங்கள். நாடாவை அழுத்தும் குட்டி ஸ்பாஞ்ச் விழுந்திருந்தால், திருகாணி போட்ட வேறொரு கேசட் கூட்டுக்குள் ரீலை மாற்றிவிடலாம். சி-120 என்றால் கூடுதல் கவனம். நாடா மிக மெல்லியது, சுலபமாகச் சிக்கிக்கொள்ளும்.

இனி டெக். யுஎஸ்பி ஒயரோடு மலிவாக வரும் சின்ன பிளேயர்களை வாங்காதீர்கள். வேகம் ஒரு நிலையில் நிற்காது. பழைய டெக் ஒன்று வாங்கி, பெல்ட் மாற்றி, நாடாவைப் படிக்கும் ஹெட்டையும் ரப்பர் உருளையையும் ஐசோபுரொபைல் ஆல்கஹால் தொட்ட பஞ்சால் துடைத்தால் போதும். இரைச்சலைக் குறைக்கும் டால்பி பொத்தானை அணைத்து வையுங்கள். ரேடியோவும் டேப்பும் சேர்ந்த வீட்டு டூ-இன்-ஒன்னில் டால்பி போட்டுப் பதிந்திருக்க மாட்டார்கள்.

இதில் எல்லாரும் கோட்டைவிடுவது ஹெட்டின் சாய்வில். ஹெட்டில் இருக்கும் மெல்லிய பிளவு, நாடா ஓடும் திசைக்குச் செங்குத்தாக நிற்க வேண்டும். அப்பாவின் டேப்ரெக்கார்டரில் அது இம்மி சாய்ந்திருந்தால் பதிவும் அதே சாய்வில்தான் இருக்கும். உங்கள் டெக் நேராகப் படித்தால் குரல் போர்வைக்குள்ளிருந்து வருவதுபோல் மங்கும். ஹெட்டுக்குப் பக்கத்தில் ஸ்பிரிங்கோடு ஒரு திருகாணி உண்டு. அது இருக்கும் நிலையை மையால் குறித்துக்கொண்டு, செய்தி வாசிப்பதை ஓடவிட்டு, மோனோவில் கேட்டபடி மெல்லத் திருப்புங்கள். 'ஸ' ஒலி எங்கே கூர்மையாகிறதோ அங்கே நிறுத்துங்கள். எந்த மென்பொருளாலும் பின்னால் இதைச் சரியாக மீட்க முடியாது.

கணினியில் மைக் துளையில் செருகாமல் லைன்-இன் உள்ள ஆடியோ கருவி ஒன்றில் செருகுங்கள். பதிய ஆடாசிட்டி என்ற மென்பொருள் போதும், இலவசம். 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட், வேவ் கோப்பாகப் பதியுங்கள். ஸ்டீரியோவில் மணிக்கு ஏறக்குறைய ஒரு ஜிபி. ஒலியின் உச்சம் மைனஸ் 6 டெசிபலைத் தாண்டாமல் வைத்தால் போதும்.

வேகத்தை அளக்க ஒரு வழி இருக்கிறது, எனக்கு மிகவும் பிடித்தது. கரண்டில் ஓடிய டேப்ரெக்கார்டர் என்றால் நம் 50 ஹெர்ட்ஸ் மின்சார இரைச்சலும் லேசாகப் பதிந்திருக்கும். ஆடாசிட்டியின் அலைவரிசை வரைபடத்தை (Plot Spectrum) 65536 அளவில் (Size) திறந்து, அந்த முகடு எங்கே நிற்கிறது என்று பாருங்கள். 52இல் நின்றால் நாடா நான்கு சதவீதம் வேகமாக ஓடுகிறது, முகடு 50க்கு வரும்படி வேகத்தைக் குறைத்துவிடுங்கள். பக்கத்தில் இன்னொரு முகடு சரியாக 50இல் தெரிந்தால் அது உங்கள் டெக்கின் இரைச்சல். கேசட்டை நிறுத்தினாலும் அது இருக்கும். பேட்டரியில் பதிந்ததற்கு இந்த வித்தை பலிக்காது, தெரிந்த பாட்டின் சுருதியை வைத்துத்தான் சரிபார்க்க வேண்டும்.

இரைச்சல் நீக்கம் வேண்டவே வேண்டாம் என்பேன். நகரத்துக் கடை ஒன்றில் ஒருவர் கொடுத்து வாங்கியதைக் கேட்டேன்; இரைச்சலோடு அறிவிப்பாளரின் மூச்சையும் துடைத்து, எம்பி3 ஆக்கி, பாட்டுப் பாட்டாக வெட்டிக் கொடுத்திருந்தார்கள். உங்கள் வீட்டுப் பதிவில் இன்னொன்றும் இருக்கலாம். திருநெல்வேலி 1197 கிலோஹெர்ட்ஸ், திருவனந்தபுரம் 1161; சாதாரண ரேடியோவில் முள்ளுக்கு முள் பக்கம். தமிழ்ச் செய்திக்கு அடியில் மலையாளம் கசிந்து கேட்டால் விட்டுவிடுங்கள். எல்லையில் ரேடியோ கேட்டது அப்படித்தான். வேண்டுமானால் அசல் கோப்பைத் தொடாமல், பிரதியில் விளையாடுங்கள்.

கடைசியாக, இணையத்தில் போடலாமா என்று கேட்டிருந்தீர்கள். 1957 பதிப்புரிமைச் சட்டப்படி ஒலிபரப்பின் மீது நிலையத்துக்கு உள்ள உரிமை 25 ஆண்டு, ஒலிப்பதிவு உரிமை 60 ஆண்டு. உங்கள் கேசட்டுகளுக்கு முன்னது முடிந்துவிட்டது, பின்னது பல பாட்டுகளுக்கு இன்னும் முடியவில்லை. எனவே முழுக் கேசட்டை ஏற்றினால் பாட்டுக்கு உரியவர் வந்து நிற்பார். பேச்சுத் துண்டுகளைத் தனியே பிரித்து வையுங்கள். வில்லுப்பாட்டோ நாடகமோ இருந்தால் பாடியவர், நடித்தவர் வீட்டைத் தேடிப்போய் ஒரு பிரதி கொடுத்து, சம்மதம் கேட்டுவிட்டு ஏற்றுங்கள். ஊர்ப் பெயர் தெரிந்தால் போதும், டீக்கடையில் விசாரித்தே ஆளைப் பிடித்துவிடலாம்.