இயற்பியலும் வீணையும் ஒரே பட்டத்தில் படிக்க முடியுமா?

கேள்வி: என் மகள் இந்த ஆண்டு ப்ளஸ் டூ. கணிதப் பிரிவு. எட்டு வயதிலிருந்து வீணை கற்கிறாள். இன்ஜினியரிங் வேண்டாம், அமெரிக்காவில் வெஸ்லியன் பல்கலைக்கழகத்தில் லிபரல் ஆர்ட்ஸ் படிக்கிறேன், அங்கே இயற்பியலும் இசையும் சேர்த்தே படிக்கலாம் என்கிறாள். "ஆர்ட்ஸ் படிக்கவா அமெரிக்கா போகணும்?" என்று அவள் அப்பா கோபப்படுகிறார். எங்களுக்கு விவசாய வருமானம்தான். வயலை விற்றால்தான் முடியும் போலிருக்கிறது. என்ன செய்வது? (ஒரு தாய், கும்பகோணம்)

பதில்: வயலை விற்கும் பேச்சை முதலில் நிறுத்துங்கள் அம்மா. ஏன் என்று பிறகு சொல்கிறேன். அதற்கு முன்னால் உங்கள் வீட்டுக்காரரின் கோபத்துக்குப் பதில் சொல்லிவிடலாம், ஏனென்றால் அதில் பாதி அந்த 'ஆர்ட்ஸ்' என்ற சொல்லால் வந்தது.

நம் ஊரில் ஆர்ட்ஸ் காலேஜ் என்றால் இன்ஜினியரிங் சீட் கிடைக்காதவர்கள் போகும் இடம் என்று ஒரு நினைப்பு இருக்கிறது. (அதுவே அநியாயமான நினைப்பு, அது வேறு கதை.) லிபரல் ஆர்ட்ஸில் உள்ள 'ஆர்ட்ஸ்' அதுவல்ல. இடைக்கால ஐரோப்பாவில் அந்தப் பெயரில் கற்பித்த பாடங்கள் ஏழு: இலக்கணம், தருக்கம், பேச்சுக்கலை, எண்கணிதம், வடிவகணிதம், இசை, வானியல். உங்கள் மகள் கேட்பதைப் போன்ற கூட்டணி, இசையும் வானியலும், அந்தப் பட்டியலிலேயே இருக்கிறது. இன்றைய லிபரல் ஆர்ட்ஸ் கல்லூரியிலும் இயற்பியல், வேதியியல், கணினி அறிவியல் எல்லாம் முழுப் பாடங்கள்தான். முதல் நாளே ஒரு துறைக்குள் அடைத்துவிட மாட்டார்கள், அதுதான் வித்தியாசம்.

வெஸ்லியனையே எடுத்துக்கொள்வோம். கனெக்டிகட் மாநிலத்தில் மிடில்டவுன் என்ற சிறு நகரில் 1831-ல் மெதடிஸ்ட் திருச்சபையினர் தொடங்கியது. இளநிலை மாணவர்கள் சுமார் 3,000 பேர்தான். பட்டம் பெற 32 கிரெடிட் வேண்டும், பருவத்துக்கு நான்கு என்று எட்டுப் பருவம். எல்லோரும் கட்டாயம் படிக்க வேண்டிய பொதுப் பாடத்தொகுப்பு என்று ஒன்று இல்லை. முதன்மைப் பாடத்தை இரண்டாம் ஆண்டின் பிற்பாதியில் முடிவு செய்தால் போதும். ஒன்றுக்கு இரண்டாக எடுப்பதும் வழக்கம். ஆக, இயற்பியலும் இசையும் சேர்த்துப் படிக்கலாமா என்ற கேள்விக்கு, தாராளமாக.

இதற்கு உதாரணம் தேட உங்கள் பக்கத்துத் திருவையாறு போனாலே போதும். தியாகராஜ ஆராதனையில் பாடிய அமெரிக்கர் ஜான் ஹிகின்ஸ் பாகவதர், 1962-ல் வெஸ்லியனில் இசை, வரலாறு என்று இரண்டு முதன்மைப் பாடங்களோடு பட்டம் பெற்றவர். 1960-களிலிருந்து அங்கே மிருதங்கம் கற்பித்தவர் டி. ரங்கநாதன். புல்லாங்குழல் டி. விஸ்வநாதன் அங்கேயே முனைவர் பட்டம் வாங்கி, 2002-ல் மறையும் வரை அங்கேயே ஆசிரியராக இருந்தார். இருவரும் வீணை தனம்மாளின் பேரன்கள், பரதநாட்டியக் கலைஞர் பாலசரஸ்வதியின் தம்பிகள். ஆண்டுதோறும் அந்த வளாகத்தில் நவராத்திரி விழா நடக்கிறது. உங்கள் மகள் இந்த ஒரு பெயரை ஏன் பிடித்துக்கொண்டாள் என்று எனக்கு ஓரளவு புரிகிறது. ஆனால் ஒன்று: அங்கே பல காலமாக நிலைத்தவை வாய்ப்பாட்டும் மிருதங்கமும்தான். இப்போது யார் என்ன கற்பிக்கிறார்கள், வீணைக்கு வழி உண்டா என்று இசைத் துறைக்கு அவளே ஒரு மின்னஞ்சல் எழுதிக் கேட்கட்டும். இயற்பியல் பக்கம் கவலை இல்லை. வான் விளெக் வானாய்வகம் 1916-லிருந்து வளாகத்திலேயே இருக்கிறது. சிறிய இடமாக இருந்தும் அறிவியலில் முனைவர் பட்டம் வரை உண்டு என்பதால், இளநிலை மாணவர்களுக்கும் ஆய்வகத்தில் இடம் கிடைக்கும்.

ஒரு சின்ன எச்சரிக்கை. அமெரிக்காவில் ஒஹையோ வெஸ்லியன், இல்லினாய் வெஸ்லியன் என்று இன்னும் பல வெஸ்லியன்கள் உண்டு. விண்ணப்பத் தளத்தில் கனெக்டிகட் என்று பார்த்துத் தேர்ந்தெடுக்கச் சொல்லுங்கள்.

சரி, இனி பணம். கட்டணம், தங்குமிடம், சாப்பாடு எல்லாம் சேர்த்து ஆண்டுக்கு ஏறக்குறைய 90,000 டாலர். நம் பணத்தில் முக்கால் கோடிக்குக் குறையாது. நான்கு ஆண்டுக்கு மூன்று கோடி. இந்தத் தொகைக்கு வயலை விற்றோ வட்டிக்கு வாங்கியோ இளநிலைப் பட்டம் படிக்க வைப்பதை நான் யாருக்கும் பரிந்துரைக்க மாட்டேன், எவ்வளவு பெரிய பெயராக இருந்தாலும். கல்லூரியே பெரும்பகுதியை ஏற்றால் மட்டும் போக வேண்டிய படிப்பு இது.

அப்படி ஏற்பார்களா? ஏற்பார்கள், ஆனால் இதன் கணக்கு நம் ஊர் ஸ்காலர்ஷிப் கணக்கு அல்ல. மதிப்பெண்ணுக்குப் பரிசு என்று பணம் தருவது இப்படிப்பட்ட கல்லூரிகளில் அபூர்வம். குடும்பத்தால் எவ்வளவு கட்ட முடியும் என்று அவர்களே கணக்கிட்டு, மீதியைக் கொடுக்கிறார்கள். வெஸ்லியன் சேர்த்துக்கொள்ளும் மாணவரின் தேவையை முழுதாக ஈடுகட்டும். ஆனால் வெளிநாட்டு மாணவர் பணம் கேட்கிறார் என்பதையும் சேர்க்கை முடிவின்போது கணக்கில் எடுக்கும். பொதுவாகவே நூறு பேர் விண்ணப்பித்தால் பதினாறு, பதினேழு பேருக்குத்தான் அங்கே இடம். பெரிய தொகை கேட்கும் வெளிநாட்டு மாணவர்களுக்கு வாசல் இன்னும் குறுகல். ஆம்ஹர்ஸ்ட், போடின் ஆகிய இரண்டு கல்லூரிகள் வெளிநாட்டு மாணவர்களிடமும் பண நிலையைப் பார்க்காமல் சேர்க்கையை முடிவு செய்கின்றன. வில்லியம்ஸ் கல்லூரி 2022 முதல் உதவித்தொகையில் கடன் என்ற பகுதியையே எடுத்துவிட்டது. மூன்றும் வெஸ்லியனைப் போன்ற சிறிய லிபரல் ஆர்ட்ஸ் கல்லூரிகள். நான்கு பெயரையும் பட்டியலில் வைக்கட்டும்.

வெஸ்லியனில் ஆசிய மாணவர்களுக்கான ஃப்ரீமன் உதவித்தொகை பற்றி யாராவது சொல்வார்கள். அது 11 நாடுகள், பகுதிகளைச் சேர்ந்தவர்களுக்கு. சிங்கப்பூரும் மலேசியாவும் அதில் உண்டு, இந்தியா இல்லை. அதை நம்பி நேரத்தைச் செலவழிக்க வேண்டாம்.

பணம் கேட்டால் சீட் கிடைக்காது என்று பயந்து, "உதவி தேவையில்லை" எனக் குறித்துவிட்டு, உள்ளே போன பிறகு கேட்டுக்கொள்ளலாம் என்று சில ஏஜென்டுகள் யோசனை சொல்வார்கள். கேட்காதீர்கள். இப்படிப்பட்ட கல்லூரிகளில் வெளிநாட்டு மாணவர் விண்ணப்பிக்கும்போதே உதவி கேட்காவிட்டால் பிறகு பெரும்பாலும் கிடைக்காது. முதல் ஆண்டுக் கட்டணத்திலேயே வயல் போகும், இரண்டாம் ஆண்டு பிள்ளை திரும்பி வந்துவிடும்.

உதவி கேட்க சி.எஸ்.எஸ். ப்ரொஃபைல் என்ற இணையப் படிவம் நிரப்ப வேண்டும். உங்கள் குடும்பத்துக்குச் சிக்கல் வரும் இடம் இதுதான். விவசாய வருமானத்துக்கு நம் நாட்டில் வருமான வரி இல்லை, அதனால் பலரிடம் வரிக் கணக்குத் தாக்கல் செய்த தாளே இருக்காது. சம்பளச் சீட்டும் இல்லை. அங்கே மேசையில் உட்கார்ந்திருப்பவருக்கு இது விளங்காது, எதையோ மறைக்கிறார்கள் என்று தோன்றலாம். ஆகவே வட்டாட்சியர் தரும் வருமானச் சான்றிதழை ஆங்கில மொழிபெயர்ப்போடு வைத்துக்கொள்ளுங்கள். எத்தனை ஏக்கர், குறுவையில் என்ன வந்தது, தாளடியில் என்ன வந்தது, உரம், கூலி, கூட்டுறவுக் கடன் போக என்ன நின்றது என்று மூன்று ஆண்டுக்கு ஒரு பக்கத்தில் எழுதுங்கள். நிலத்தின் விலையையும் மறைக்காதீர்கள். அந்த நிலம்தான் வீட்டின் ஒரே வருமானம், விற்றால் அடுத்த ஆண்டு வருமானமே இருக்காது என்பதைத் தெளிவாக எழுதுங்கள். இந்த ஒரு பக்கக் கடிதத்துக்குப் பெரிய மதிப்பு உண்டு.

முழு உதவி கிடைத்தாலும் கைச்செலவு இருக்கும். விமான டிக்கெட், விசா, குளிர்காலத் துணி, சில இடங்களில் மருத்துவக் காப்பீடு. அப்புறம் பலரும் கவனிக்காத ஒன்று: உதவித்தொகையில் தங்குமிடத்துக்கும் சாப்பாட்டுக்கும் தரும் பகுதிக்கு அமெரிக்க அரசு வெளிநாட்டு மாணவர்களிடம் 14 சதவீதம் வரி பிடிக்கும். இது ஆண்டுக்குச் சில லட்ச ரூபாய் வரை போகலாம். உதவி அறிவிப்பு வந்ததும் இந்தத் தொகைக்கு என்ன ஏற்பாடு என்று கல்லூரியிடமே கேளுங்கள். மாணவர் விசாவில் வளாகத்துக்குள் வாரம் 20 மணி நேரம் வரை வேலை செய்யலாம். அது கைச்செலவுக்குத்தான் காணும்.

வேலை பற்றி அவள் அப்பா கேட்பார். இயற்பியல் பட்டத்துக்கு, படிப்பு முடிந்ததும் அங்கே 12 மாதம் வேலைப் பயிற்சியும், அறிவியல் துறை என்பதால் மேலும் 24 மாதமும் இப்போதைய விதிப்படி உண்டு. இசை மட்டும் படித்தால் 12 மாதத்தோடு சரி. பணக்கணக்காகப் பார்த்தாலும் இரண்டையும் சேர்த்துப் படிப்பது நல்லது என்று நான் சொல்வது இதனால்தான். அதற்குப் பிறகும் அங்கே வேலை பார்க்க வேண்டுமானால் ஹெச்-1பி என்ற வேலை விசாவுக்குக் குலுக்கல். இந்த விதிகள் ஆட்சிக்கு ஆட்சி மாறுபவை, அவற்றை நம்பிக் கடன் வாங்கக் கூடாது. இன்ஜினியரிங் ஆசை அப்பாவுக்கு விடவில்லை என்றால், வெஸ்லியனில் மூன்று ஆண்டும் கொலம்பியா போன்ற இடத்தில் இரண்டு ஆண்டும் படித்து இரண்டு பட்டம் வாங்கும் வழியும் உண்டு. இரண்டாவது இடத்தில் உதவித்தொகை தனிக்கணக்கு என்பதை மறக்க வேண்டாம்.

விண்ணப்பம் காமன் ஆப் என்ற ஒரே தளத்தில். உறுதிமொழியோடு முன்கூட்டி விண்ணப்பிக்க நவம்பர் நடுவில் கெடு, மற்றவர்களுக்கு ஜனவரி தொடக்கத்தில். முன்கூட்டி விண்ணப்பித்து இடம் கிடைத்தால் அங்கேயே சேர வேண்டும், பணம் போதாது என்றால் மட்டும் விலகலாம். அமெரிக்கக் கல்லூரிச் சேர்க்கைக்கான எஸ்.ஏ.டி. தேர்வு வெஸ்லியனுக்குக் கட்டாயம் இல்லை, ஆனால் பள்ளியின் பெயர் அங்கே தெரியாதபோது கணிதத்தில் நல்ல மதிப்பெண் உதவும்.

நம் பள்ளிகளில் தடுமாறுவது பரிந்துரைக் கடிதத்தில்தான். "ஒழுக்கமான மாணவி, எல்லாப் பாடத்திலும் முதல் மதிப்பெண்" என்று நான்கு வரி எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுப்பார்கள். அது போதாது. இயற்பியல் ஆசிரியரை இப்போதே போய்ப் பாருங்கள். வகுப்பில் அவள் கேட்ட ஒரு கேள்வி, செய்து பார்த்த ஒரு சோதனை, தவறு செய்து திருத்திக்கொண்ட ஒரு நாள், இதில் ஏதாவது ஒன்றை விவரித்து ஒரு பக்கம் எழுதச் சொல்லுங்கள். ஆங்கிலத்தில் எழுதத் தயங்கினால் தமிழில் எழுதட்டும், மொழிபெயர்த்து இரண்டையும் சேர்த்து அனுப்பலாம். தலைமையாசிரியர் இணையத்தில் நிரப்ப வேண்டிய பள்ளி அறிக்கையும் ஒன்று உண்டு. அரையாண்டுத் தேர்வு நெருக்கத்தில் போய் நின்றால் அவருக்கு நேரம் இருக்காது, ஆகஸ்டிலேயே சொல்லி வையுங்கள்.