கெடு தவறும் டாஸ்க்குகள்: வாசகர் கேள்விகளுக்குப் பதில்

கேள்வி: என்னிடம் ஒரே சிப்பில் மாறிமாறி ஓடும் மூன்று டாஸ்க்குகள் (நிரல் பகுதிகள்). 5 மில்லிசெகண்டுக்கு ஒருமுறை 1, 12-க்கு ஒருமுறை 3, 20-க்கு ஒருமுறை 7 மில்லிசெகண்ட் ஓடுகின்றன. மொத்தச் சுமை 80 சதவீதம். பாதுகாப்பான சுமைக்கு வரம்பு 78 சதவீதம்தான் என்கிறார்கள். வேகமான சிப் வாங்க வேண்டுமா?

பதில்: வேண்டாம். லியூ, லேலண்ட் என்ற ஆய்வாளர்கள் இருவரும் 1973-ல் தந்த அந்த வரம்புக்குள் இருந்தால் கெடு தவறாது என்பது உறுதி. தாண்டினாலே தவறிவிடும் என்று பொருளில்லை; கணக்குப் போட்டுப் பார்க்க வேண்டும், அவ்வளவுதான். அடிக்கடி ஓடும் டாஸ்க்குக்கு அதிக முன்னுரிமை கொடுங்கள். மூன்றும் ஒன்றாகக் கிளம்பும் தருணம்தான் மிக மோசமானது. அப்போது கடைசி டாஸ்க் முடிய 17 மில்லிசெகண்ட் ஆகும்: சொந்த வேலை 7, முதலாவது 4 முறை குறுக்கிட்டு 4, இரண்டாவது 2 முறை குறுக்கிட்டு 6. அடுத்த முறை கிளம்புவதற்குள் முடிக்க வேண்டும் என்பதால் கெடு 20, ஆகவே தப்பித்தது.

ஆனால் அந்த 7 சராசரியா, உச்சமா? அது 10-ஐத் தாண்டினால் கெடு தவறும். டாஸ்க் தொடங்கும்போது சிப்பின் ஒரு பின்னில் (வெளிமுனையில்) மின்னழுத்தத்தை உயர்த்தி, முடியும்போது இறக்கி, அந்த ஏற்ற இறக்கத்தின் நேரத்தைக் காட்டும் லாஜிக் அனலைசர் கருவியில் பாருங்கள். மற்ற டாஸ்க்குகளை நிறுத்திவைத்து அளந்தால்தான் சொந்த நேரம் தெரியும். சென்சார் பதில் தராதபோது ஓடும் நிரல் வரிகளையும் கட்டாயம் அளக்க வேண்டும். பெரும்பாலும் உச்சம் அங்கேதான் ஒளிந்திருக்கும்.

கேள்வி: ஃப்ரீஆர்டிஓஎஸ்ஸில் (சிறு சிப்புகளுக்கான இயங்குதளம்) விடாஸ்க்டிலே போட்டு எழுதிய 10 மில்லிசெகண்ட் லூப் 12-க்கு ஒருமுறை ஓடுகிறது. ஏன்?

பதில்: டாஸ்க்கைக் காத்திருக்க வைக்கும் விடாஸ்க்டிலே, தன்னை அழைத்த கணத்திலிருந்து எண்ணுகிறது. வேலைக்கு 2, காத்திருப்புக்கு 10. அதற்குப் பதில், கடைசியாக விழித்த நேரத்திலிருந்து எண்ணும் விடாஸ்க்டிலேஅன்டில் போடுங்கள். கடைசியாக விழித்த நேரத்தை வைக்கும் மாறிக்கு லூப்புக்கு வெளியே ஒரே ஒருமுறை மதிப்புக் கொடுங்கள். உள்ளே வைத்தால் பழைய கதைதான்.

கேள்வி: அதிக முன்னுரிமை உள்ள டாஸ்க் எப்போதாவது உறைந்துபோகிறது. டாஸ்க்குகள் பகிர்ந்துகொள்ளும் தரவுப் பாதையான பஸ்ஸை ஒரு நேரத்தில் ஒன்றே பயன்படுத்தும்படி பூட்ட, பைனரி செமஃபோர் என்ற பூட்டைப் பயன்படுத்துகிறேன்.

பதில்: அதுதான் காரணமாக இருக்கும். குறைந்த முன்னுரிமை உள்ள கீழ் டாஸ்க் பூட்டைப் பிடித்திருக்கும்போது நடு டாஸ்க் ஓடத் தொடங்கினால், மேல் டாஸ்க் இரண்டுக்காகவும் காத்திருக்கும். 1997-ல் செவ்வாயில் நாசாவின் பாத்ஃபைண்டர் விண்கலம் மறுபடி மறுபடி ரீசெட் ஆனது இதே சிக்கலால்தான். முன்னுரிமை வாரிசை (பூட்டு வைத்திருக்கும் கீழ் டாஸ்க்குக்கு, காத்திருக்கும் மேல் டாஸ்க்கின் முன்னுரிமையைத் தற்காலிகமாகத் தருவது) இயக்கும்படி பூமியிலிருந்தே திருத்தம் அனுப்பினார்கள். ஃப்ரீஆர்டிஓஎஸ்ஸில் மியூட்டெக்ஸ் என்ற இன்னொரு வகைப் பூட்டுக்கு அந்த வசதி உண்டு, பைனரி செமஃபோருக்குக் கிடையாது. மாற்றிவிடுங்கள். பூட்டு கையில் இருக்கும்போது டிலே மட்டும் போடாதீர்கள்.

கேள்வி: எஸ்டிஎம்32 சிப்பில் ஃப்ரீஆர்டிஓஎஸ் ஓடுகிறது. யூஆர்ட் (சீரியல் போர்ட்) இன்டரப்டிலிருந்து, அதாவது தரவு வந்ததும் குறுக்கிட்டு ஓடும் நிரலிலிருந்து, டாஸ்க்குக்குத் தரவு அனுப்பும் வரிசையான க்யூவில் எழுதினால் சிஸ்டம் தொங்குகிறது.

பதில்: இன்டரப்ட் முன்னுரிமையைப் பாருங்கள். எஸ்டிஎம்32-க்குள் இருக்கும் கார்டெக்ஸ்-எம் ப்ராசசரில் சிறிய எண்ணுக்கே அதிக முன்னுரிமை. எதுவும் அமைக்காவிட்டால் 0. உங்கள் ஃப்ரீஆர்டிஓஎஸ் கான்ஃபிக்கில் (அமைப்புக் கோப்பில்) சிஸ்கால் வரம்பு, அதாவது ஃப்ரீஆர்டிஓஎஸ்ஸை அழைக்க அனுமதியுள்ள மிக உயர்ந்த இன்டரப்ட் முன்னுரிமை, 5 என்றால், க்யூவைத் தொடும் இன்டரப்ட் 5 முதல் 15-க்குள் இருக்க வேண்டும். இத்தகைய தவறுகளைச் சோதிக்கும் கான்ஃபிக்அசர்ட்டை இயக்கி வையுங்கள், தவறு நடந்த இடத்திலேயே நின்றுவிடும்.