பல்லில் இல்லாத பல்வலி

கேள்வி: அம்மாவுக்கு 58 வயது. ஆறு மாதமாக வலது கன்னத்தில் பளிச் பளிச்சென்று வெட்டும் வலி. பல்வலி என்று இரண்டு கடைவாய்ப் பற்களைப் பிடுங்கியும் நிற்கவில்லை. மூன்றாவதையும் எடுக்கலாமா?
- வாசகி, கரூர்

பதில்: பொறுங்கள். அந்தப் பல்லில் கைவைக்கும் முன் நரம்பியல் மருத்துவரைப் பாருங்கள். இது ‘ட்ரைஜெமினல் நியூரால்ஜியா’ என்ற முக நரம்பு வலியாக இருக்கலாம். மூளையிலிருந்து வரும் ஐந்தாவது நரம்பு மூன்றாகப் பிரிந்து நெற்றி, மேல்தாடை, கீழ்த்தாடைக்கு உணர்ச்சி தருகிறது. மூளைத்தண்டுக்குப் பக்கத்தில் ஒரு ரத்தக்குழாய் அதன்மேல் இடித்துக்கொண்டே இருந்தால் நரம்பின் உறை தேய்ந்துவிடும். பிறகு லேசாகத் தொட்டாலே ஷாக் அடிக்கும். வலி தெரிவது பல்லில், பழுது மண்டைக்குள்.

அம்மாவிடம் கேட்டுப் பாருங்கள். ஒரு வெட்டு சில நொடிதானா? (இரண்டு நிமிடத்தைத் தாண்டாது.) பல் தேய்த்தால், முகம் கழுவினால், மென்றால், பஸ் ஜன்னல் காற்று பட்டால் வருகிறதா? நடுவில் வலியே இல்லாத நேரம் உண்டா? மூன்றுக்கும் ஆம் என்றால் சந்தேகம் வலுக்கிறது. சொத்தைப் பல் வலி இப்படி இருக்காது. விண்விண்ணென்று மணிக்கணக்கில் தெறிக்கும், ராத்திரி தூங்கவிடாது.

பற்கள் வீணாகப் பறிபோவதற்கு இன்னொரு காரணமும் உண்டு. பல்லருகே மரத்துப்போகும் ஊசி போட்டால் நரம்பு வலியும் கொஞ்ச நேரம் அடங்கும். ‘ஊசிக்கு நின்றதே, அப்போது பல்தான்’ என்று முடிவு செய்துவிடுகிறார்கள். பல் எக்ஸ்ரேயில் கோளாறு தெரியாவிட்டால் பல்லை விட்டுவிடுவதே நல்லது.

மூளைக்கு எம்.ஆர்.ஐ. எடுக்கச் சொல்வார்கள். ‘முக நரம்பு வலிக்காக’ என்று சீட்டில் எழுதி வாங்குங்கள். மெல்லிய அடுக்குகளாக எடுத்தால்தான் இடிக்கும் குழாய் தெரியும். கட்டி இல்லை என்பதும் உறுதியாகும்.

கேள்வி: இந்த நோய்க்கு கார்பமசெபின் சாப்பிடுகிறேன். தலை சுற்றுகிறது. வலி நின்றதும் நிறுத்தினேன், மறுபடி வந்துவிட்டது. ஆயுசுக்கும் இதுதானா?
- வாசகர், நாகர்கோவில்

பதில்: நீங்களாக நிறுத்தியதுதான் தவறு. பாராசிட்டமால் போல வலிக்கும்போது போடும் மாத்திரை அல்ல இது. வலி வராமல் தடுக்கத் தினமும் போடுவது. பெரும்பாலும் 100 மி.கி. ஒரு வேளை அல்லது இரு வேளை என்று தொடங்கி, சில நாளுக்கொரு முறை கூட்டுவார்கள். பலருக்கு நாளைக்கு 600 முதல் 800 மி.கி.யில் வலி கட்டுப்படும். அவசரப்பட்டு ஏற்றினால் தலைசுற்றலும் தள்ளாட்டமும் கூடும். ஏற்றுவதும் இறக்குவதும் மருத்துவர் சொல்படியே இருக்கட்டும். சில வாரம் வலியே இல்லை என்றால் மெல்லக் குறைத்துப் பார்ப்பதும் உண்டு.

முதல் இரண்டு மாதத்தில் தோலில் தடிப்போ வாய்ப்புண்ணோ காய்ச்சலோ வந்தால் அடுத்த வேளை மாத்திரையைப் போடாமல் அன்றே மருத்துவமனைக்குப் போங்கள். தோல் உரியும் ஆபத்தான ஒவ்வாமை அப்படித்தான் தொடங்கும். அதற்கான மரபணுப் பரிசோதனை (ஹெச்.எல்.ஏ.-பி 1502) வேண்டுமா என்று மாத்திரை தொடங்கும் முன்பே கேட்பது நல்லது. ரத்தத்தில் சோடியம் குறையக்கூடும் என்பதால் அவ்வப்போது சோதிக்க வேண்டும். வயதானவர்களுக்குக் குழப்பமும் அசதியும் வந்தால் முதல் சந்தேகம் அதுதான்.

மாத்திரை தாங்காவிட்டால் காதுக்குப் பின்னால் திறந்து, குழாய்க்கும் நரம்புக்கும் நடுவே சின்னதாக டெஃப்லான் பஞ்சு வைக்கும் அறுவை சிகிச்சை இருக்கிறது. பத்து ஆண்டு கழித்தும் சுமார் 70 சதவீதம் பேர் மாத்திரையில்லாமல் வலியின்றி இருந்ததாக ஒரு பெரிய ஆய்வு சொன்னது. அந்தப் பக்கக் காது கேட்காமல் போகும் ஆபத்து சிறிதளவு உண்டு. உடம்பு தாங்காதவர்களுக்கு கன்னம் வழியே ஊசி செலுத்தி நரம்பைச் சுடும் முறை இருக்கிறது. ஆனால் முகம் மரத்துப்போகும், வலி திரும்பவும் வரலாம்.

கேள்வி: அக்டோபர் 7 இந்த நோய்க்கான விழிப்புணர்வு நாள் என்கிறார்கள். எங்கள் மகளிர் குழு என்ன செய்யலாம்?
- வாசகி, தேனி

பதில்: நீலப்பச்சை விளக்கு ஏற்றுவது வழக்கம். அழகுதான். ஆனால் நோயாளி முதலில் போய் நிற்பது பல் மருத்துவரிடம். ஊரிலுள்ள பல் கிளினிக்குகளில் அனுமதி கேட்டு ஒரு தாள் ஒட்டுங்கள்: ‘நொடிப்பொழுது ஷாக் போல முக வலியா? தொட்டால், மென்றால் வருகிறதா? பல் எடுக்கும் முன் மருத்துவரிடம் இதைச் சொல்லுங்கள்.’ முகம் கோணும் முகவாதம் வேறு, இது வேறு என்றும் ஒரு வரி சேருங்கள். பலர் இரண்டையும் ஒன்றாக நினைத்து எண்ணெய் தேய்த்துவிட, தேய்க்கும் கையே அடுத்த வெட்டை வரவழைக்கிறது.