அக்குள் வீக்கம்: பாலை நிறுத்த வேண்டுமா?

கேள்வி: வயது 26. ஊர் கோபிச்செட்டிபாளையம் பக்கம். தலைப்பிரசவம் முடிந்து ஐந்து நாள் ஆகிறது. மூன்றாம் நாள் பால் இறங்கியதிலிருந்து இரண்டு அக்குளிலும் எலுமிச்சை அளவு வீக்கம். கையைத் தாழ்த்த முடியவில்லை. முன்பும் மாதவிலக்கு நெருங்கும்போது அங்கே லேசாக வலிக்கும். நெறி கட்டியிருக்கிறது, சுண்ணாம்பும் மஞ்சளும் பற்றுப் போட்டு நீவிவிட்டால் கரையும் என்கிறார் அம்மாயி. எனக்குப் புற்றுநோயோ என்று பயம். பாலை நிறுத்திவிடட்டுமா?

பதில்: நிறுத்தாதீர்கள் அம்மா. பற்றும் வேண்டாம், நீவவும் வேண்டாம்.

போகிற போக்கில் நீங்கள் சொன்ன மாதவிலக்கு வலிதான் எனக்குத் துப்பு. நெறி மாதக் கணக்குப் பார்த்து வலிக்காது. மார்பகத் திசுதான் அப்படி வலிக்கும். பால் இறங்கிய அன்றே இருபுறமும் வீங்கியதும் அதையே காட்டுகிறது. இது பெரும்பாலும் பிறவியிலேயே அமைந்த கூடுதல் மார்பகத் திசு.

கரு வளரும் ஆறாவது வாரத்தையொட்டி, அதன் இரு பக்கமும் அக்குளிலிருந்து தொடையிடுக்கு வரை ஒரு மேடு ஓடும். பால்கோடு என்று அதற்குப் பெயர். மார்பில் உள்ள பகுதி நிலைத்து, மற்றது மறைந்துவிடும். சிலருக்கு ஒரு துண்டு மறையாமல் தங்கிவிடுகிறது, அதிகமும் அக்குளில். கர்ப்பம் தரிக்கும் வரை பலருக்கு அது இருப்பதே தெரியாது. இப்போது அங்கும் பால் சுரக்கிறது. காம்பு இல்லாததால் வெளியேற வழியில்லை. தேங்கிய பால் சுரப்பைத் தானே அடக்கிவிடும். பெரும்பாலோருக்கு ஒன்றிரண்டு வாரத்தில் வற்றும். நீவினால் சுரப்பு தூண்டப்படும். சுண்ணாம்பு தோலைப் புண்ணாக்கும். அம்மாயிக்கு இதைப் பொறுமையாக எடுத்துச் சொல்லுங்கள். அவருடைய அக்கறையில் குறையில்லை.

குளிர்ந்த ஈரத்துணி வையுங்கள். அக்குளை இறுக்காத ரவிக்கை அணியுங்கள். வலிக்குப் பாராசிட்டமால் போதும்; பால் கொடுக்கும்போதும் சாப்பிடலாம். காய்ச்சல், சிவப்பு, கூடிக்கொண்டே போகும் வலி என்றால் அன்றே மருத்துவமனைக்குப் போங்கள், சீழ் பிடித்திருக்கலாம்.

புற்றுநோய் இந்தத் திசுவில் வருவது மிக அரிது. ஆனாலும் இது மார்பகமே. மார்பகத்துக்கு வரும் எதுவும் இதற்கும் வரலாம். ஆகவே வலி தணிந்ததும் கோபி அரசு மருத்துவமனையிலோ பெருந்துறை மருத்துவக் கல்லூரியிலோ ஒருமுறை காட்டி, தேவையென்றால் ஸ்கேன் எடுத்து உறுதி செய்துகொள்ளுங்கள். ஒரு பக்கம் மட்டும் கெட்டியான கட்டி தங்கினால் தள்ளிப்போடவே கூடாது. வெட்கப்பட்டு மறைத்து, காலம் கடந்து வருகிறவர்களைப் பார்க்கும்போதுதான் எனக்கு மனம் பொறுப்பதில்லை.

அறுவை சிகிச்சை எல்லோருக்கும் தேவையில்லை. தொல்லை நீடித்தால், பால்குடி மறந்து சில மாதம் கழித்து யோசிக்கலாம். தழும்பும், மேற்கையின் உள்பக்கத்தில் மரத்துப்போகும் உணர்வும் வரக்கூடும் என்பதைக் கேட்டறிந்து முடிவெடுங்கள். எடுக்காவிட்டால் அடுத்த பிரசவத்திலும் வீங்கலாம். அப்போது பிரசவ வார்டு செவிலியரிடம் முதல் நாளே சொல்லிவிடுங்கள்.