ரைடுக்கு ஸ்பான்சர் தேடுகிறீர்களா? வாசகர் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: வெளிநாட்டு தீம் பார்க் படங்களைப் பார்த்தால் ரைடின் முகப்பிலேயே ஏதாவது ஒரு கம்பெனியின் பெயர் இருக்கிறது. இது வெறும் விளம்பரப் பலகைதானா, அதற்கு மேலும் ஏதாவது உண்டா?
– திருச்சி வாசகர்

பலகை அதில் சின்னப் பகுதிதான். 1955 ஜூலையில் கலிபோர்னியாவின் அனஹைமில் டிஸ்னிலேண்ட் திறந்தபோதே இந்த ஏற்பாடு இருந்தது. பூங்காவைச் சுற்றி ஓடிய ரயிலுக்கு சாண்டா ஃபே ரயில்வே ஸ்பான்சர். நிலவுக்குப் போகும் ராக்கெட் பயணத்துக்கு டி.டபிள்யூ.ஏ. விமான நிறுவனம். சிறுவர்கள் கார் ஓட்டும் ஆட்டோபியாவுக்கு ரிச்ஃபீல்ட் எண்ணெய் நிறுவனம்.

பணம் தரும் கம்பெனி வழக்கமாகக் கேட்பது இவை: ரைடோடு சேர்ந்த பெயர், வெளியே வரும் வழியில் தன் பொருளைக் காட்ட ஓர் இடம், தன் விருந்தினர்களுக்குத் தனி அறை, ஊழியர்களுக்கும் டீலர்களுக்கும் நுழைவுச்சீட்டு, தன் சொந்த விளம்பரங்களில் ரைடின் படத்தைப் போட்டுக்கொள்ளும் உரிமை. எல்லாவற்றுக்கும் மேலாக, அதே தொழிலில் இருக்கும் போட்டிக் கம்பெனி பூங்காவுக்குள் வரக்கூடாது என்ற உறுதி. இந்தக் கடைசி உறுதிதான் பூங்காவுக்கு மிகவும் விலை உயர்ந்தது. பலரும் இதை இலவசமாகக் கொடுத்துவிடுகிறார்கள். ஒரு குளிர்பானக் கம்பெனிக்கு ஒரே ஒரு ரைடைக் கொடுத்துவிட்டு, 'போட்டியாளர் கூடாது' என்ற வரியையும் எழுதிக்கொடுத்தால், பூங்காவின் அத்தனை கேன்டீன்களிலும் அந்த ஒரே பானம்தான் விற்க முடியும். அந்தத் தடை ரைடுக்கு மட்டுமா, பூங்கா முழுவதற்குமா என்பதைப் பிரித்து எழுதுங்கள். முழுப் பூங்கா என்றால் அதற்குத் தனி விலை வையுங்கள்.

கேள்வி: கோவை அருகே நடுத்தர அளவு வாட்டர் பார்க் நடத்துகிறோம். புதிதாக அலைக்குளமும் உயரமான சறுக்கு ஒன்றும் கட்டுகிறோம். புகையிலைப் பொருள் விற்கும் பிராண்டின் பெயரிலேயே ஏலக்காய்ப் பாக்கெட் விற்கும் கம்பெனி பெரிய தொகை தரத் தயார். உள்ளூர் பம்ப் கம்பெனி அதில் பாதிதான் சொல்கிறது, அதிலும் ஒரு பங்கை பம்பாகவே தருமாம். யாரை எடுக்கலாம்?
– கோவை வாசகர்

பம்ப் கம்பெனியை எடுங்கள். முதல் காரணம் சட்டம். 2003-ம் ஆண்டு புகையிலைப் பொருட்கள் சட்டத்தின் 5-வது பிரிவு புகையிலை விளம்பரத்தையும் அதற்கான ஸ்பான்சர்ஷிப்பையும் தடுக்கிறது. வேறு பொருளின் போர்வையில் தடைசெய்யப்பட்ட பொருளை விளம்பரம் செய்வதை மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையத்தின் 2022 ஜூன் வழிகாட்டுதல்களும் தடைசெய்கின்றன. குழந்தைகள் கூடும் இடத்தில் அந்தப் பெயரைத் தூக்கி நிறுத்துவது சட்டம் இல்லாவிட்டாலும் தவறுதான்.

இரண்டாவது காரணம் பொருத்தம். ரைடு சொல்லும் கதையும் ஸ்பான்சரின் தொழிலும் ஒன்றோடொன்று சேர வேண்டும். 1967-ல் மான்சான்டோ என்ற வேதிப்பொருள் நிறுவனத்தின் ஆதரவில் டிஸ்னிலேண்டில் ஒரு பயணம் திறந்தது. பயணிகள் சுருங்கிச் சுருங்கிப் பனித்துகளின் மூலக்கூறுக்குள், பிறகு அணுவுக்குள் போவதாக அமைந்த கதை. வேதியியல் கம்பெனி அங்கே எந்தப் பொருளையும் விற்க வேண்டியிருக்கவில்லை, கதையே அதன் தொழிலைச் சொல்லிவிட்டது. கோவை பம்புகளின் ஊர். தண்ணீரை மேலே ஏற்றிக் கீழே விடும் சறுக்கில் பம்ப் கம்பெனியின் பெயர் இருந்தால் யாருக்கும் உறுத்தாது. பம்ப் அறையின் ஒரு பக்கச் சுவரைக் கண்ணாடியாக்கி, கியூவில் நிற்கும் பிள்ளைகள் மோட்டார் ஓடுவதைப் பார்க்கும்படி செய்தால் அதுவே நல்ல காட்சிப்பொருள்.

ஆனால் பம்பாகத் தரும் பங்கில் கவனம் தேவை. சறுக்கு செய்தவர் நிமிடத்துக்கு இத்தனை லிட்டர் தண்ணீர் மேலே வந்து விழ வேண்டும் என்று எழுதிக்கொடுத்திருப்பார். தண்ணீர் குறைந்தால் ஆள் பாதிவழியில் நின்றுவிடுவார், பின்னால் வருபவர் அவர் மேல் மோதுவார். அதிகமானால் வேகம் கூடி, கீழே நிற்கும் தூரத்தைத் தாண்டிவிடுவார். எனவே பம்பின் குதிரைத்திறனைப் பார்த்து ஒப்புக்கொள்ளாதீர்கள். உங்கள் கோபுர உயரத்தில், உங்கள் குழாய் நீளத்தில் அது தரும் தண்ணீர் அளவைக் கேளுங்கள். கிணற்றுக்கும் தோட்டத்துக்கும் செய்த பம்ப் குளோரின் கலந்த தண்ணீரில் நாள் முழுக்க ஓடினால் உள்ளே சுழன்று தண்ணீரைத் தள்ளும் சக்கரமான இம்பெல்லர் அரித்துப்போகும், சீல் கசியும். வெண்கலம் அல்லது துருப்பிடிக்காத எஃகு இம்பெல்லர் கேளுங்கள். ஓடும் பம்போடு மாற்றுப் பம்ப் ஒன்றும் அங்கேயே பொருத்தியிருக்க வேண்டும். பழுதானால் எத்தனை மணி நேரத்தில் ஆள் வர வேண்டும் என்பதையும் எழுத்தில் வாங்குங்கள். ஸ்பான்சர் பெயர் தாங்கிய சறுக்கு பம்ப் பழுதால் மூடிக்கிடந்தால் உங்களைவிட அவர்களுக்குத்தான் அதிகம் வலிக்கும் என்பதால், இந்த நிபந்தனைக்கு நல்ல கம்பெனி மறுப்புச் சொல்லாது.

பம்பின் மதிப்பை அச்சிட்ட சில்லறை விலையில் போடாதீர்கள், டீலருக்குத் தரும் விலையில் போடுங்கள். பொருளாக வரும் பங்குக்கும் ஜி.எஸ்.டி. உண்டு என்பதை ஆடிட்டரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள். ஸ்பான்சர்ஷிப்புக்கு வரி 18 சதவீதம். உங்கள் பூங்கா பிரைவேட் லிமிடெட் கம்பெனி என்றால், 2025 ஜனவரி 16 முதல் அந்த வரியை நீங்களே பில்லில் போட்டு வசூலித்துக் கட்ட வேண்டும். தனிநபர் பெயரில் நடத்தினால், பணம் தரும் கம்பெனியே நேரடியாகக் கட்டும் பழைய முறை தொடர்கிறது. பேசிய தொகை வரி சேர்த்தா, சேர்க்காமலா என்பது எழுதப்படாமல் போய் சண்டையில் முடிவது இங்கே அடிக்கடி நடக்கும் விஷயம்.

கேள்வி: எவ்வளவு கேட்பது என்று எப்படிக் கணக்குப் போடுவது?
– சென்னை வாசகர்

பூங்காவுக்கு வருடத்தில் எத்தனை பேர் வருகிறார்கள் என்ற ஒற்றை எண்ணை மட்டும் காட்டாதீர்கள். அந்த ரைடில் ஏறுபவர்களையும், அவர்கள் அங்கே கழிக்கும் நேரத்தையும் காட்டுங்கள்.

ஒரு மாதிரிக் கணக்கு. 24 இருக்கை, மூன்று நிமிடத்துக்கு ஒரு சுற்று என்றால் மணிக்கு 20 சுற்று, 480 பேர். இது காகிதக் கணக்கு. ஏற்றி இறக்கும் தாமதம், காலி இருக்கை எல்லாம் போக 70 சதவீதம் என்று வைத்தால் 336 பேர். ஏழு மணி நேரம் ஓடினால் ஒரு நாளைக்கு 2,352 பேர். ரைடு மூன்று நிமிடம்தான், ஆனால் கியூவில் ஒருவர் அரை மணி நேரம் நிற்கிறார். ஸ்பான்சர் உண்மையில் வாங்குவது அந்த அரை மணி நேரத்தை. சாலையோர போர்டைச் சில விநாடிகளில் கடந்துபோகும் அதே மனிதர் இங்கே நிழலில், குடும்பத்தோடு, வேறு வேலை இல்லாமல் நிற்கிறார். ஆகவே கியூ கட்டுமானத்தில் விசிறி, குடிநீர், பிள்ளைகள் தொட்டு விளையாடும் கருவி ஆகியவற்றை ஸ்பான்சர் செலவில் கேளுங்கள். பெயருக்கும் மதிப்பு, வருபவருக்கும் வசதி.

தொகையை மூன்றாகப் பிரித்துக் கேட்பது நல்லது. கட்டுமானத்துக்கு ஒரு முறை தருவது, ஆண்டுக்கட்டணம், புதுப்பிப்பு நிதி. மூன்றாவதைத்தான் எல்லோரும் மறக்கிறார்கள்.

கேள்வி: ஒப்பந்தம் எத்தனை வருடத்துக்கு இருக்கலாம்? ஸ்பான்சர் போய்விட்டால் ரைடின் கதி என்ன?
– மதுரை வாசகர்

இதற்கு ஃபுளோரிடாவில் 1982 அக்டோபர் 1 அன்று திறந்த டிஸ்னியின் எப்காட் பூங்காவைவிட நல்ல பாடம் கிடையாது. பெரிய கண்காட்சி அரங்குகள் ஒவ்வொன்றும் ஒரு பெருநிறுவனத்தின் ஆதரவில் நின்றன. ஆதரவு நின்றபோது என்ன ஆயிற்று என்று பாருங்கள்.

எதிர்கால வாழ்க்கையைக் காட்டிய ஹொரைசன்ஸ் 1983-ல் ஜெனரல் எலக்ட்ரிக் ஆதரவில் திறந்தது. 1993-ல் அந்த நிறுவனம் விலகியது. 1994 இறுதியில் மூடி, மற்ற அரங்குகளில் வேலை நடந்ததால் ஓராண்டுக்குப் பின் மறுபடி திறந்து, 1999 ஜனவரியில் நிரந்தரமாக மூடினார்கள். உடல்நலம் பற்றிய வொண்டர்ஸ் ஆஃப் லைஃப் அரங்கை மெட்லைஃப் காப்பீட்டு நிறுவனம் 2001-ல் விட்டது. சில வருடங்களில் அது கூட்டம் உள்ள பருவத்தில் மட்டும் திறக்கும் நிலைக்கு வந்து, 2007 தொடக்கத்தில் முடிந்தது. எரிசக்தி அரங்கிலிருந்து எண்ணெய் நிறுவனம் எக்ஸான்மொபில் 2004-ல் போனது. 1996-ல் எடுத்த படத்தையே வைத்துக்கொண்டு அது 2017 ஆகஸ்ட் வரை ஓடியது. தொழில்நுட்பம் பற்றிப் பேசும் ரைடுக்கு ஆதரவு நிற்பது இரட்டை அடி: பணமும் நிற்கிறது, காட்சியும் பழசாகிறது.

இப்போது தாங்கி நின்றவற்றைப் பாருங்கள். பெரிய உருண்டைக்குள் ஓடும் ஸ்பேஸ்ஷிப் எர்த்தின் கதை மனிதத் தகவல்தொடர்பின் வரலாறு. ஸ்பான்சர்கள் முதலில் தொலைபேசி நிறுவனமான பெல் சிஸ்டம், பிறகு 2003 வரை இன்னொரு தொலைபேசி நிறுவனமான ஏ.டி. அண்ட் டி., 2005 முதல் 2017 வரை சீமென்ஸ். வேளாண்மை அரங்கான தி லேண்டில் முதலில் உணவு நிறுவனம் கிராஃப்ட், 1993 முதல் 2009 வரை நெஸ்லே. மேலே சொன்ன ஆட்டோபியா ரிச்ஃபீல்டுக்குப் பிறகு 2000-ல் எண்ணெய் நிறுவனம் செவ்ரான், 2016-ல் ஹோண்டா என்று கை மாறியது. இவற்றின் கதை ஒரு தொழிலைச் சார்ந்தது, ஒரு கம்பெனியைச் சார்ந்ததல்ல. ஒருவர் போனால் அதே துறையில் இன்னொருவர் வந்து உட்கார இடம் இருந்தது. ஸ்பான்சரைத் தேர்ந்தெடுக்கும்போதே 'இவர் போனால் அடுத்து யாரைக் கூப்பிடலாம்' என்று மூன்று பெயராவது எழுதிப் பாருங்கள். எழுத முடியவில்லை என்றால் கதையை மாற்றுங்கள்.

நம் ஊர் அளவில் ஐந்து வருடம், அதற்கு மேல் இருவரும் சம்மதித்தால் மூன்று வருடம் என்பது சரியாக இருக்கும். மூன்றாம் வருடத்தில் பெயின்ட், ஒலி, விளக்கு மாற்றப் புதுப்பிப்பு நிதியை ஸ்பான்சர் தர வேண்டும் என்று எழுதுங்கள். அந்த நிதி தனி வங்கிக்கணக்கில் இருக்கட்டும், சம்பளத்துக்கு எடுக்கக்கூடாது. தொடர விருப்பம் இல்லை என்றால் குறைந்தது பன்னிரண்டு மாதம் முன்னால் சொல்ல வேண்டும். போர்டைக் கழற்றி, பழைய நிறம் அடிக்கும் செலவு அவர்களுடையது.

கேள்வி: ரைடின் பெயரிலேயே தங்கள் பெயரைச் சேர்க்கச் சொல்கிறார்கள். ஒப்புக்கொள்ளலாமா?
– சேலம் வாசகர்

பின்னால் சேர்க்கலாம், ரைடின் சொந்தப் பெயர் தனியாக நிற்கும்படி. 135 மீட்டர் உயரமுள்ள ராட்சத ராட்டினமான லண்டன் ஐ 2000-ல் பிரிட்டிஷ் ஏர்வேஸ் பெயரோடு தொடங்கியது. 2011-ல் இ.டி.எஃப். எனர்ஜி, 2015-ல் கோகோ-கோலா, 2020-ல் பயண முன்பதிவு இணையதளமான லாஸ்ட்மினிட் என்று மாறிக்கொண்டே வந்தது. மக்கள் நாக்கில் 'லண்டன் ஐ' மட்டும் மாறவில்லை. கோகோ-கோலா வந்தபோது, சர்க்கரைப் பானத்தின் நிறத்தில் நகரச் சின்னம் ஒளிர்வதைக் குழந்தைகள் நலம் பேசுவோர் எதிர்த்தார்கள். அந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டியவர்களில் ரைடை நடத்துபவரும் ஒருவர்.

ஜெர்மனியின் யூரோபா-பார்க்கில் 2009-ல் திறந்த புளூ ஃபயர் ரோலர் கோஸ்டர் ரஷ்ய எரிவாயு நிறுவனம் காஸ்ப்ரோமின் பெயரைச் சுமந்தது. 2022-ல் உக்ரைன் போர் வந்ததும் அந்த ரஷ்ய எரிவாயு ஆதரவு முடிந்தது. ரைடு தன் சொந்தப் பெயரோடு ஓடிக்கொண்டிருக்கிறது. ஸ்பான்சரின் பெயர் கெட்டால் உடனே அதை எடுக்கும் உரிமை உங்களிடம் இருக்க வேண்டும். 'வழக்கு, அரசுத் தடை, பொதுமக்கள் எதிர்ப்பு' என்று காரணங்களைப் பெயர் சொல்லி எழுதுங்கள். திவாலாகும் நிலையையும் சேருங்கள்.

கேள்வி: ஸ்பான்சர் ரைடின் தூண்களில் பெரிய ஃபிளெக்ஸ் கட்டவும், பெட்டிகள் முழுக்க ஸ்டிக்கர் ஒட்டவும், பொங்கலுக்குள் திறக்கவும் கேட்கிறார். எவ்வளவு விட்டுக்கொடுக்கலாம்?
– செங்கல்பட்டு வாசகர்

மூன்றிலும் விட்டுக்கொடுக்காதீர்கள். தூண் எவ்வளவு காற்றழுத்தத்தைத் தாங்கும் என்று கணக்கிட்டபோது அதில் ஃபிளெக்ஸ் இல்லை. பாய்மரம்போல் காற்றைப் பிடிக்கும் துணி, தூணின் அடிப்போல்ட்டுகளில் புதிய சுமையை ஏற்றும். உங்கள் பகுதியில் புயல் காலமும் உண்டு. ரைடு செய்தவரின் எழுத்துபூர்வ ஒப்புதல் இல்லாமல் எதையும் கட்டாதீர்கள். போர்டு வேண்டுமென்றால் தரையில் தனி அஸ்திவாரத்தில், ரைடின் ஓட்ட எல்லைக்கு வெளியே நிற்கட்டும்.

பெட்டிகளின் வெல்டிங் இணைப்புகளையும் அச்சுகளையும் விரிசல் இருக்கிறதா என்று அவ்வப்போது கண்ணால் பார்க்க வேண்டும். ஸ்டிக்கர் அதை மறைக்கும். ஃபைபர் உடலின் வெளிப்பக்கத்தில், இணைப்பு இல்லாத இடத்தில் மட்டும் லோகோ போதும். தண்ணீர்ச் சறுக்கின் உட்புறத்தில் எதுவும் ஒட்டவே கூடாது, ஓரம் பிரிந்தால் தோலைக் கிழிக்கும்.

திறப்புத் தேதிக்கு: எப்காட்டின் கார் ரைடான டெஸ்ட் ட்ராக், ஜெனரல் மோட்டார்ஸ் ஆதரவில், 1997 மே மாதம் திறப்பதாக இருந்தது. சோதனைகளில் வந்த சிக்கல்களால் 1999 மார்ச்சில்தான் முறைப்படி திறந்தது. ஸ்பான்சரின் தவணைகளைப் பண்டிகைத் தேதியோடு இணைக்காமல், அஸ்திவாரம், பொருத்துதல், சோதனை ஓட்டம், பாதுகாப்புச் சான்று என்ற நான்கு கட்டங்களோடு இணையுங்கள். சான்று கையில் வரும் வரை விளம்பரத்தில் தேதி போடக்கூடாது. ஓட்டுவது, நிறுத்துவது இரண்டிலும் ஸ்பான்சருக்குச் சொல் இல்லை என்று ஒரு வரி வேண்டும். ரைடு நின்ற நாட்களுக்குப் பணத்தைத் திருப்பித் தருவதற்குப் பதில் ஒப்பந்தக் காலத்தை அத்தனை நாள் நீட்டுங்கள். பணம் திரும்பப் போகும் என்றால், சந்தேகம் இருக்கும் காலையிலும் ரைடை ஓட்டச் சொல்லும் நெருக்கடி ஆபரேட்டர் தலையில்தான் வந்து விழும்.