அசெம்பிள் செய்த கேமிங் கணினி விளையாடும்போது மட்டும் தானாக ரீஸ்டார்ட் ஆகிறது. எந்தப் பாகத்தை மாற்றுவது?

நீங்கள் எழுதியிருப்பதன் சாரம் இது: நீங்களே பாகங்கள் வாங்கிச் சேர்த்த கணினி, இணையம் பார்க்கும்போதும் படம் பார்க்கும்போதும் ஒழுங்காக இருக்கிறது, பெரிய விளையாட்டு எதையாவது திறந்தால் சிறிது நேரத்தில், நீலத்திரைகூட (விண்டோஸின் பிழைத் திரை) காட்டாமல், அணைந்து மறுபடி எழுகிறது, எஸ்.எம்.பி.எஸ். (கணினிக்குள் இருக்கும் பவர் சப்ளை பெட்டி) மாற்றியும் குணமில்லை, வீடு தேவகோட்டைப் பக்கத்துப் பழைய வீடு. இதற்கு வந்திருக்கும் பதில்களில் ஒருவர் ரேமை மாற்றச் சொல்கிறார், இன்னொருவர் விண்டோஸை அழித்துவிட்டுப் புதிதாகப் போடச் சொல்கிறார், மற்றொருவர் ‘அசெம்பிள் செய்தால் இப்படித்தான், கம்பெனி மெஷின் வாங்கியிருக்க வேண்டும்’ என்கிறார். அந்தக் கடைசி வாக்கியத்தைப் படித்த பிறகு பதில் எழுதாமல் இருக்க முடியவில்லை. உங்கள் வீட்டுச் சுவரில் இருக்கும் பிளக் பாயின்டைப் பற்றி ஒருவர்கூடக் கேட்கவில்லை.

எனக்கும் இதே தொல்லை இருந்தது. காரைக்குடியில் எங்கள் வீடு, முகப்பில் நுழைந்தால் வளவு, இரண்டாங்கட்டு, அடுப்படி என்று நீண்டு பின் தெருவில் போய் முடியும் பழைய வீடு. மின்சாரம் வந்த காலத்தில் தேக்குக் கட்டைமேல் ஓடவிட்ட வயரிங்கிலிருந்து, பின்னால் வந்த ஒவ்வொருவரும் ஃபேனுக்கு ஒன்று, ஃபிரிட்ஜுக்கு ஒன்று, மோட்டாருக்கு ஒன்று எனத் தேவைக்கேற்பக் கிளை இழுத்திருக்கிறார்கள். பங்காளிகள் சேர்ந்து வைத்திருக்கும் வீடு என்பதால், முழு வயரிங்கையும் மாற்றுவதென்றால் எல்லாப் புள்ளிகளும், அதாவது பங்குள்ள எல்லாக் குடும்பங்களும், ஒப்புக்கொள்ள வேண்டும். அது எளிதில் நடக்கிற காரியம் அன்று என்பது இந்தப் பக்கத்தவர்களுக்குத் தெரியும்.

பெருநகரம் ஒன்றில் ஒரு கடைக்குக் கணினியைக் கொண்டுபோனேன். பெயர் வேண்டாம். அவர்கள் ஓட்டிப் பார்த்துவிட்டு ‘ஒரு குறையும் இல்லை’ என்று திருப்பிக் கொடுத்தார்கள். மறுபடி போனபோது கூடுதல் வாட்ஸ் உள்ள எஸ்.எம்.பி.எஸ். ஒன்றை விற்றார்கள், அதன் பிறகும் நிற்காதபோது மதர்போர்டைக் கை காட்டினார்கள். கடையில் ஓடுகிற கணினி வீட்டில் மட்டும் விழுகிறது என்றால், சந்தேகம் முதலில் வீட்டின் மேல் அல்லவா விழ வேண்டும்? காசு கொடுத்துப் போனவனிடம் ‘உங்கள் வீட்டு லைன் எப்படி’ என்று ஒரு கேள்வி கேட்டிருக்கலாம் என்ற வருத்தம் எனக்கு இன்னும் உண்டு.

செக்காலைப் பக்கம் புதிதாக வீடு கட்டியிருக்கும் நண்பன் வீட்டுக்கு அதே கணினியை, அதே வயர்களோடு எடுத்துச் சென்று அதே விளையாட்டை ஓட்டினேன். மாலை முழுவதும் ஒருமுறைகூட விழவில்லை. எங்கள் வீட்டுக்குத் திரும்பியதும், பெரியப்பச்சி (பெரியப்பா) பக்கத்தில் தண்ணீர் மோட்டார் போட்ட நேரத்தில் அணைந்து எழுந்தது. ஒவ்வொரு முறை மோட்டார் போடும்போதும் அப்படி ஆகவில்லை என்பதால்தான் அதுவரை யாரும் இரண்டையும் முடிச்சுப் போட்டுப் பார்க்கவில்லை.

மெயினை இறக்கிவிட்டு எலெக்ட்ரீஷியன் இரண்டாங்கட்டின் ஜங்ஷன் பெட்டியைத் திறந்தார். சுண்ணாம்புத் தூள் கொட்டியது. உள்ளே பீங்கான் கனெக்டரில் நியூட்ரல் வயரின் (மின்சாரம் திரும்பிச் செல்லும் வயர்) உறை பழுப்பேறி, விரல் பட்டதும் பொடிந்தது. திருகு இறுகாமல் சும்மா சுற்றியது. செம்பு நுனி கறுத்திருந்தது. “ஃபேஸை எல்லாரும் பார்ப்பாங்க தம்பி, நியூட்ரலை யாரு பார்க்கிறா?” என்றார். அந்த இணைப்பை வெட்டிப் புதிதாகப் போட்டு, மெயின் போர்டிலிருந்து என் அறைக்குத் தனியாக ஒரு லைன் இழுத்தோம். அதன் பிறகு அந்தத் தொல்லை இல்லை.

‘லைனில் கோளாறு என்றால் லைட்டும் ஃபேனும் அணைந்திருக்க வேண்டுமே, ஏன் விளையாடும்போது மட்டும்’ என்று உடனே கேட்பார்கள். நியாயமான கேள்விதான். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ்; ஒரு சுற்றுக்கு 20 மில்லி செகண்ட். எஸ்.எம்.பி.எஸ். உள்ளே இருக்கும் பெரிய கெப்பாசிட்டர், தெருக்குழாயில் நீர் நின்ற பிறகும் மாடித் தொட்டி கொடுப்பதைப் போல, சேமித்ததைச் சற்று நேரம் கொடுக்கும். ஆனால் நல்ல எஸ்.எம்.பி.எஸ். ஆனாலும் முழுச் சுமையில் அது ஏறத்தாழ 16, 17 மில்லி செகண்டுதான். இணையம் பார்க்கும்போது கணினி இழுப்பது மிகக் குறைவு என்பதால் அதே கெப்பாசிட்டர் பல மடங்கு நேரம் தாங்கும். விளையாடும்போது கிராபிக்ஸ் கார்டும் பிராசசரும் சேர்ந்து 400 வாட்ஸுக்கு மேல் இழுத்தால் அந்த அவகாசம் சுருங்கிவிடுகிறது. தளர்ந்த இணைப்பு ஒரு சுற்று நேரம் விட்டுப்போனால் ஃபேன் சுழன்றுகொண்டேதான் இருக்கும், கண்ணுக்கு வெளிச்சத்தில் மாற்றம் தெரியாமலும் போகலாம்; ஆனால் 12 வோல்ட் லைன் 11.4க்குக் கீழே சரிந்து, ‘மின்சாரம் சரியாக உள்ளது’ என்று மதர்போர்டுக்கு எஸ்.எம்.பி.எஸ். அனுப்பும் சமிக்ஞை நின்று, கணினி ரீஸ்டார்ட் ஆகிவிடும். கிராபிக்ஸ் கார்டு கெட்டுப்போனது போன்ற அதே தோற்றம் இதிலும் வருவது இதனால்தான்.

எல்லாருடைய கணினிக்கும் வீட்டு லைன்தான் காரணம் என்று நான் சொல்லவில்லை. பணம் செலவழிக்கும் முன் அதைச் சோதித்துவிடுங்கள் என்பதே என் வாதம். வேறு வீட்டில் ஓட்டிப் பார்ப்பதுதான் முதல் சோதனை, செலவும் இல்லை. அங்கேயும் விழுந்தால் குறை பெட்டிக்குள் இருக்கிறது. அப்போது விண்டோஸில் தானாக ரீஸ்டார்ட் ஆகும் அமைப்பை நிறுத்தி வையுங்கள்; நீலத்திரை ஏதாவது ஒளிந்திருந்தால் அது நின்று காட்டும். விண்டோஸின் நிகழ்வுப் பதிவேடான ஈவென்ட் வியூவரில் ‘கெர்னல்-பவர் 41’ இருப்பதைப் பார்த்துப் பவர் சப்ளை போய்விட்டது என்று பலர் தீர்ப்பு எழுதிவிடுகிறார்கள். கணினி முறையாக அணையாமல் மறுபடி எழுந்தது என்பதற்கு மேல் அந்த வரி எதையும் சொல்வதில்லை. அதனோடு, வன்பொருள் பிழைகளைக் குறிக்கும் ‘டபிள்யூ.எச்.இ.ஏ. லாகர்’ பதிவுகளும் இருந்தால் பிராசசர், ரேம், மதர்போர்டு பக்கம் பாருங்கள், ரேமைக் கூடுதல் வேகத்தில் ஓட்டும் எக்ஸ்.எம்.பி. அமைப்பை பயாஸில் (விண்டோஸுக்கு முன் திறக்கும் மதர்போர்டு அமைப்புத் திரை) நிறுத்திவிட்டு ஓட்டிப் பாருங்கள். கிராபிக்ஸ் கார்டுக்கு இரண்டு 8 பின் இணைப்பு இருந்தால், ஒரே கேபிளின் இரட்டை முனையைச் செருகாமல் எஸ்.எம்.பி.எஸ். இலிருந்து தனித்தனிக் கேபிள் கொடுங்கள். வெயில் காலம் என்று சூட்டின் மேல் பழி போடுகிறவர்களும் உண்டு. பிராசசர் அளவுக்கு மீறிச் சூடேறினால் கணினி பெரும்பாலும் அணைந்து அப்படியே கிடக்கும், தானாக எழாது. பயாஸில், மின்சாரம் போய் வந்தால் தானாக இயங்கு என்ற அமைப்பு இருக்கிறதா என்றும் பாருங்கள். அது இருந்தால் வெறும் மின்தடைகூட ரீஸ்டார்ட் போலத் தோன்றும்.

யு.பி.எஸ். போட்டிருக்கிறேன், லைன் காரணமாக இருக்க முடியாது என்று நீங்கள் சொல்லக்கூடும். கடைகளில் பரவலாகக் கிடைக்கும் 600 வி.ஏ. யு.பி.எஸ். ஏறத்தாழ 360 வாட்ஸ்தான் தாங்கும். லைன் தடுமாறி அது பேட்டரிக்கு மாறும் கணத்தில் உங்கள் கணினி அதற்கு மேல் இழுத்துக்கொண்டிருந்தால் யு.பி.எஸ். கையை விரித்துவிடும். வீட்டு இன்வெர்ட்டரில் செருகியிருந்தால், அதில் யு.பி.எஸ். மோடு என்று ஒரு சுவிட்ச் இருக்கும். அது சாதாரண மோடில் இருந்தால் மாறும் நேரம் கணினிக்குப் போதாது.

கணினிப் பெட்டியைத் தொட்டால் மெலிதாகச் சுரீர் என்கிறதா என்றும் கவனியுங்கள். அப்படி இருந்தால் பெரும்பாலும் உங்கள் பாயின்டில் எர்த் சரியாக இல்லை. எர்த் இல்லாதது மட்டுமே ரீஸ்டார்ட்டுக்குக் காரணம் என்று நான் சொல்ல மாட்டேன், ஆனால் வயரிங்கின் நிலையை அது காட்டிக் கொடுக்கும், உயிருக்கும் ஆபத்து. எர்த் குழி எங்கே என்று வீட்டுப் பெரியவர்களிடம் கேளுங்கள். நம் செம்மண் கோடையில் காய்ந்து கிடக்கும்போது பழைய குழி பெயருக்குத்தான் இருக்கும்.

ஜங்ஷன் பெட்டியை உரிமம் பெற்ற எலெக்ட்ரீஷியன்தான் திறக்க வேண்டும். எஸ்.எம்.பி.எஸ். உள்ளே பிளக்கைப் பிடுங்கிய பிறகும் 300 வோல்ட்டுக்கு மேல் தங்கியிருக்கக்கூடும், ஆகவே அதைத் திறக்கவே திறக்காதீர்கள். வேறு வீட்டில் ஓட்டிப் பார்த்த முடிவையும், உங்கள் கிராபிக்ஸ் கார்டு, எஸ்.எம்.பி.எஸ். மாடல்களையும் கீழே எழுதுங்கள். அடுத்து எதைப் பார்க்க வேண்டும் என்று சொல்கிறேன். அதுவரை மதர்போர்டு வாங்காதீர்கள்.