உதவி கேட்டால் கிடைக்காது, சீட்டில் எழுதிக் கேளுங்கள்

கேள்வி: என் மாமியாருக்கு 71 வயது. ஐந்து மாதத்துக்கு முன்னால் வாதம் வந்து இடது பக்கம் விழுந்துவிட்டது. மதுரையில் ஆஸ்பத்திரியில் வைத்திருந்து வீட்டுக்கு அனுப்பினார்கள். குளிப்பாட்டுவது, ஊட்டிவிடுவது, துணி மாற்றுவது எல்லாம் நான் ஒருத்திதான். வீட்டுக்காரருக்குத் திருப்பூரில் வேலை. மாதம் ஒருமுறை டாக்டரிடம் போனால் மாத்திரை எழுதுகிறார். "ஏதாவது உதவி கிடைக்குமா சார்?" என்றால், "நல்லா பாத்துக்கங்கம்மா" என்கிறார். யாரிடம் என்ன கேட்பது?
- பெயர் வேண்டாம் என்ற வாசகி, திருமங்கலம் பக்கம்

பதில்: ஓ.பி.யில் ஒரு ஆளுக்கு மூன்று, நான்கு நிமிடம் கிடைத்தாலே பெரிது. அதில் டாக்டர் பார்ப்பது பிரஷரையும் மாத்திரையையும்தான். ராத்திரி எத்தனை தடவை எழுந்து அத்தையைப் புரட்டிப் படுக்க வைக்கிறீர்கள் என்பது அந்தச் சீட்டில் எங்கேயும் இல்லை. "ஏதாவது உதவி" என்று பொதுவாகக் கேட்டால் பொதுவான பதில்தான் வரும். எது வேண்டும் என்று பெயர் சொல்லி, எழுதித் தரச் சொல்லுங்கள்.

முதலில் டிஸ்சார்ஜ் சம்மரியை எடுத்துப் பாருங்கள். நோயின் பெயரும் மருந்துப் பட்டியலும் இருக்கும். அவரால் என்ன செய்ய முடியவில்லை என்பது பெரும்பாலும் இருக்காது. அடுத்த முறை போகும்போது இப்படிக் கேளுங்கள்: "சார், படுத்த படுக்கைன்னும், தானா உக்கார, சாப்பிட, பாத்ரூம் போக முடியாதுன்னும், வீட்டுக்கே வந்து பிசியோதெரபியும் நர்ஸ் கவனிப்பும் வேணும்னும் ரெண்டு வரி எழுதிக் குடுங்க." தேதி, கையெழுத்து, முத்திரை மூன்றும் இருக்கிறதா என்று அங்கேயே பார்த்துவிடுங்கள். முத்திரை இல்லாத சீட்டுக்கு இன்னொரு நடை நடக்க வேண்டியிருக்கும். அத்தையைத் தூக்கிக்கொண்டு போக முடியாத நாளில், அவரைப் புரட்டுவதையும் உட்கார வைப்பதையும் அரை நிமிடம் போனில் வீடியோ எடுத்துப் போய்க் காட்டுங்கள். வாயால் சொல்வதைவிட டாக்டருக்கு அது சீக்கிரம் புரியும்.

அந்தச் சீட்டோடு மதுரைக்கு அலைய வேண்டாம். உங்கள் ஊருக்கான ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போங்கள். 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் பிரஷர், சுகர் மாத்திரை வீட்டுக்கு வருவது எல்லாருக்கும் தெரியும். படுக்கையில் இருப்பவர்களுக்கு பிசியோதெரபிஸ்டும், நோயின் வேதனையைக் குறைக்கும் ஆதரவுச் சிகிச்சை (பாலியேட்டிவ் கேர்) நர்ஸும் வீட்டுக்கே வருவதும் அதே திட்டம்தான். கிராம சுகாதார செவிலியரிடம் பெயரைப் பதிந்து, பதிந்தாயிற்றா என்று ஒரு வாரம் கழித்து மறுபடியும் கேளுங்கள். மதுரை மாநகராட்சிக்குள் இருக்கும் வாசகர்கள் தங்கள் வார்டுக்கான நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேட்க வேண்டும். ஆதரவுச் சிகிச்சை என்றதும் "கடைசிக் கட்டமா?" என்று சொந்தக்காரர்கள் பதறுவார்கள். அப்படியில்லை; நாள்பட்டுப் படுத்திருக்கும் யாருக்கும் அது உண்டு.

ஒரு வட்டாரம் முழுக்க அவர்கள் சுற்ற வேண்டும் என்பதால் தினமும் வர மாட்டார்கள். அதனால் வரும் அன்று அவர்களை வேலை செய்ய விட்டுவிட்டு அடுப்படிக்குப் போய்விடாதீர்கள். பக்கத்தில் நின்று கற்றுக்கொள்ளுங்கள்: இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை எப்படிப் புரட்டுவது, படுக்கைப் புண் முதலில் எந்த இடத்தில் சிவக்கும், கட்டிலிலிருந்து நாற்காலிக்கு மாற்றும்போது உங்கள் இடுப்பு பிடிக்காமல் எங்கே கை கொடுப்பது. விழுந்த கையைப் பிடித்து இழுத்துத் தூக்குவதுதான் வீடுகளில் அதிகம் நடக்கும் தவறு. தோள்மூட்டு நழுவி, வலி பிறகு விடாது.

அடுத்து மாற்றுத்திறனாளி சான்று. வாதத்துக்கு ஆறு மாதம் கழித்துத்தான் நிரந்தர பாதிப்பை மதிப்பிடுவார்கள். உங்களுக்கு அடுத்த மாதம் நேரம் வருகிறது. இப்போதே டாக்டரிடம் சொல்லி வையுங்கள். 75 சதவீதமோ அதற்கு மேலோ வந்தால் மாதம் 2,000 ரூபாய் பராமரிப்பு உதவித்தொகைக்கு, கலெக்டர் ஆபீஸ் பக்கம் மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் விண்ணப்பிக்கலாம். கூடவே ஒருவர் இருந்தாக வேண்டிய நிலையில் உள்ளவர்களுக்கு உதவியாளர் படி பற்றி 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் பேசுகிறது. அதையும் அதே மேஜையில் கேளுங்கள். ஸ்கேன், டிஸ்சார்ஜ் சம்மரி, ஆதார், ரேஷன் கார்டு, போட்டோ எல்லாவற்றிலும் இரண்டு நகல் வைத்துக்கொள்ளுங்கள். ஆதாரில் ஒரு பெயர், ரேஷன் கார்டில் ஒரு பெயர் என்று இருந்தால் அங்கேயே நின்றுவிடும். முதலில் அதைச் சரிசெய்யுங்கள். உங்கள் வட்டாரத்தில் சான்று கொடுக்கும் முகாம் எப்போது என்று கேட்டால் மதுரை வரை வண்டி வைக்கும் செலவு மிச்சம். இதற்கு 108ஐக் கூப்பிடாதீர்கள், அது அவசரத்துக்கு. மனு எங்கேயாவது கிடப்பில் கிடந்தால் திங்கட்கிழமை குறைதீர் கூட்டத்தில் கொடுத்து ரசீது வாங்குங்கள்.

முதலமைச்சர் காப்பீட்டு அட்டை ஆஸ்பத்திரியில் சேர்ந்தால் ஆகும் செலவுக்கு. வீட்டில் ஆள் வைக்கும் சம்பளத்துக்கு அதில் இடமில்லை. காசு கொடுத்து ஆள் வைப்பதானால், பயிற்சி பெற்ற நர்ஸ் தேவையா, துணையாள் போதுமா என்று டாக்டரிடமே கேளுங்கள். மூக்குக் குழாய், சிறுநீர்க் குழாய் மாற்றும் வேலையைத் துணையாளிடம் விடக்கூடாது. ஆதாரைப் பார்க்காமல் முன்பணம் கொடுக்காதீர்கள்.

முதியோருக்கான உதவிகள் பற்றிய சந்தேகங்களுக்கு 14567 என்ற எண்ணை அழைக்கலாம்.

உங்களைப் பற்றி நீங்கள் கடிதத்தில் ஒரு வரிகூட எழுதவில்லை. ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போகும் அன்றே உங்கள் பெயரிலும் ஒரு ஓ.பி. சீட்டு போட்டு பிரஷர், சுகர் பார்த்துவிடுங்கள். தூக்கம் எத்தனை மணி நேரம், இடுப்பு வலி எத்தனை நாளாக என்பதை உங்கள் சீட்டில் எழுதச் சொல்லுங்கள். அத்தையின் சீட்டில் அல்ல. மனசு தாங்கவில்லை என்றால் அரசின் மனநல உதவி எண்ணான 14416க்கு ராத்திரியிலும் பேசலாம், காசு கிடையாது, தமிழிலேயே பேசுவார்கள். இந்த மாதமே வீட்டுக்காரருக்கும் போன் போட்டு, சான்று மதிப்பீட்டு நாளுக்கு லீவு எடுத்து வரச் சொல்லிவிடுங்கள். அன்றைக்கு அத்தையைத் தூக்க இன்னொரு ஆள் கட்டாயம் வேண்டும்.